ஒடித்து வைத்த எர்த் பின்

கம்பத்திலிருந்து உத்தமபாளையம் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, கரண்ட் பார்க்கும் மீட்டர் ஒன்று. பேருந்துகள் கடந்து போயின. கை காட்டக்கூட அலுப்பாக இருந்தது. கம்பத்தில் வெல்டிங் மெஷின் பழுது பார்க்கும் கடை ஒன்றில் ஏழு மாதம் தங்கியிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு ஊர்சுற்றக் கிளம்பியவன் ஓரிடத்தில் அவ்வளவு நாள் இருந்ததே இல்லை. இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அன்று காலையில்தான் கூடலூர் ஜீப் பட்டறைக்காரர் தன் மெஷினைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு வயரைக் கவ்வும்படி கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். கரண்ட் இல்லை என்றது. அதை நம்ப முடியாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது. இந்த மெஷினுக்குள் பல்லாயிரம் தடவை. அந்த மீட்டருக்கு அது எட்டாது. அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்தான் வேண்டும்.

கடையில் இருந்தது ஒரே ஸ்கோப். அதன் பிளக்கில் எர்த் பின்னை வேண்டுமென்றே ஒடித்திருந்தார்கள். பின் இருந்தால், அதோடு உள்ளே இணைந்திருக்கும் ஸ்கோப்பின் கறுப்பு கிளிப்பை, மெஷினுக்குள் வீட்டுக் கரண்ட் வரும் லைன் பக்கத்தில் மாட்டியதும் கரண்ட் நேரே மண்ணுக்கு இறங்கி வெடிக்கும். பின் இல்லாவிட்டால் வெடிக்காது. பதிலுக்கு ஸ்கோப் பெட்டியே ஷாக் அடிக்கும். வாங்கி வாங்கிச் சலித்து, முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் புது பிளக் மாட்டினேன். வெல்டிங் கேபிள் பக்கம் லைனோடு ஒட்டாமல் டிரான்ஸ்ஃபார்மரால் பிரிந்திருக்கும். இனி கிளிப்பை அங்கே மட்டும் மாட்டலாம் என்று எண்ணம். ஆனால் கை பழக்கத்தில் லைன் பக்கம் போய்விட்டது.

வெடித்தது. விரல் கருகியது. ஸ்கோப் புகைந்தது.

"ஏலே, பிளக்கை எவன் மாத்துனது?" என்றார் முதலாளி.

"நான்தாண்ணே. பெட்டி ஷாக் அடிச்சுச்சு."

"அடிச்சா வாங்கிக்கிற வேண்டியதுதான? நாங்கள்லாம் வாங்கலையா?"

பட்டறைக்காரர் தலையில் கை வைத்தார். "சீக்காளியைக் கொண்டாந்தேன். டாக்டரையும் சேத்துக் கொன்னுட்டாகளே!"

முதலாளி சிரிக்கவில்லை. ஸ்கோப்பைத் துணியால் மூடினார். பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் காலை தேவாரம் ஊர் டீக்கடையில், தோட்டங்களுக்கு சோலார் மோட்டார் மாட்டுகிறவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா தெரியும்?"

"கரண்ட் வேலை."

"அதுக்கு ஆள் இருக்காக. குழி வெட்டுவியா?"

தென்னந்தோப்பில், மோட்டார் ஷாக் அடிக்காமல் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி, எட்டடி ஆழம். குழியில் கொட்ட உப்பும் கரியும் மூட்டையில் வந்து இறங்கியிருந்தன. கருகிய விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடப்பாரையை வாங்கினேன்.