பண்ணையார் கையில் இரண்டு ஈ

1930களின் தொடக்கத்தில் நான் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லுக்கு உழவு நேரம். சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊர்ப் பண்ணையார் ஒருவர் ஆள் அனுப்பினார். அவருடைய காளைகளின் கால்களை ஈ கடித்துப் புண்ணாக்கிவிட்டது; ஏரில் பூட்ட முடியவில்லை. மணக்குடியிலிருந்து மீன் சுமந்து வரும் அந்தோணியம்மாளால்தான் ஈ வருகிறது என்று ஆஸ்பத்திரி சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டால் அவள் தெருவுக்குள் வராதபடி ஊர்க்கூட்டத்தில் தடை போட்டுவிடுவார். அந்தத் தெரு போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

"எதுக்குவே வம்பு? அவரு சொன்னதையே சொல்லிட்டு வாரும்" என்றார் எங்கள் டாக்டர்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஈயைப் பார்க்காமலே தீர்ப்பா?

போய்ச் சேர்ந்தபோது பண்ணையார் வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. அந்தோணியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"கடலு மீனு காளையக் கடிக்குமா ஐயா? நல்லா பாத்துச் சொல்லும்." குரலில் கெஞ்சல் இல்லை.

மீன்கூடையிலிருந்து ஓர் ஈ, காளையின் காலிலிருந்து ஓர் ஈ என்று இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பிடித்தேன்.

"ரெண்டும் ஈதானவே" என்றார் பண்ணையார்.

"அப்போ ரெண்டு கையையும் நீட்டுங்க."

ஊரார் பார்ப்பதால் நீட்டினார். கைக்கு ஒரு டம்ளராகக் கவிழ்த்தேன். மீன்கூடை ஈ வியர்வையை நக்கிக்கொண்டு உலாத்தியது. மற்றது சற்று நேரம் சும்மா இருந்தது. திடீரென்று பண்ணையார், "எம்மோ!" என்று கையை உதறினார். கடித்த இடத்தில் பொட்டு ரத்தம் துளிர்த்தது.

"கூடை ஈக்கு நக்கத்தான் வாய். இதுக்கு வாயே ஊசி. ரத்தம் குடிக்க வாரது, மீனைத் தேடி வராது."

அதோடு விடவில்லை. தொழுவத்துக்குப் பின்னால் போய், கோடை மழையிலும் மாட்டு மூத்திரத்திலும் ஊறிக் கிடந்த வைக்கோல் குவியலைக் கம்பால் கிளறினேன். உள்ளே புழு நெளிந்தது.

"கடிக்கிறது பொறந்த இடம் இதுதான். வாரி வெயில்ல பரத்துங்க."

யாரோ சிரித்தார்கள். பண்ணையார் முகம் கறுத்தது. "சரி, அவ பின்பக்கமா வந்துட்டுப் போவட்டும்."

"நான் எதுக்கு ஒளிஞ்சு வரணும்?" என்ற அந்தோணியம்மாள் கூடையைத் தலையில் ஏற்றி, "மீனோ... மீனு!" என்று கூவிக்கொண்டே நடுத்தெருவில் நடந்தாள். ஒருவரும் மறிக்கவில்லை.

டாக்டர் என்னோடு பல நாள் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்றிருந்தேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: ஈ யார் வீட்டில் பிறந்ததோ, அந்த வீட்டு வாசலில் நின்றே அதைச் சொல்லுங்கள்.