நாற்பத்திரண்டாம் வரியில் நின்ற சிவப்புப் புள்ளி

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச வராத எனக்கு, இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. என் மேசை லாச்சியில் ஒரு சிவப்புப் பேனை கிடக்கிறது. மை காய்ந்துவிட்டது.

மன்னாரில் கணினி நிரல் எழுதும் எங்கள் சிறிய கந்தோரில் நான் தட்டச்சுக்காகச் சேர்ந்தவள். பார்த்துப் பார்த்து நிரல் வரிகளை வாசிக்கப் பழகினேன். அப்போதெல்லாம் ஒரு நிரலை வெளியே கொடுக்கும் முன் தாளில் அச்செடுத்து, ஐந்து பேரும் மேசையைச் சுற்றி இருந்து வரிவரியாகப் பிழை பார்ப்போம். மற்றவர்கள் வாதாடுவார்கள். நான் வாய் திறக்காமல் சிவப்புக் கோடு போட்டுத் தாளை, கந்தோரை நடத்தும் சேர் பக்கம் தள்ளிவிடுவேன். "இவவின்ரை கோட்டுக்குத் தப்பி ஒண்டும் வெளியாலை போகாது" என்பார் சேர். வீட்டில் அரிசி களையும்போதுகூட அந்த வசனம் எனக்குள் ஓடும்.

பிறகு வங்காலையிலிருந்து, கடற்றொழில் செய்யும் வீட்டிலிருந்து, பட்டம் படித்த ஒரு பிள்ளை வந்தாள். ஒரு மாதத்தில் தாள்கள் நின்றுபோயின. எல்லோருடைய திரையிலும் ஒரே பக்கம் திறக்கும். கூட்டத்துக்கு முன்பே அவரவர் வாசித்து, பிழை கண்ட வரியின் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். யார் எந்த வரியில் நிற்கிறார் என்பதைப் பெயரோடு ஒரு நிறப் புள்ளி காட்டும். எனக்குச் சிவப்பைத் தந்தாள்.

"உங்கடை பேனையின்ரை நிறம் அக்கா. கதைக்க வெக்கமெண்டால் இதிலை எழுதுங்கோ. உங்களை நினைச்சுத்தான் கொண்டுவந்தனான்."

அந்த நல்ல மனதுதான் என்னைச் சுட்டது. முன்பு நான் மட்டும் கண்ட பிழைகளை இப்போது எல்லோரும் கண்டார்கள். வேலை திருந்தியது, அதை மறைக்க முடியாது. சேர் அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துச் சிரிக்கும்போது, நான் யாரும் தொடாத அச்சு இயந்திரத்தின் தூசியைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். "பேனையை மன்னார்க் கோட்டைக்குள்ளை பழஞ்சாமானாய் வைச்சு டிக்கெற் போட்டுக் காட்டலாம் அக்கா" என்று கூட வேலை செய்த தம்பி ஒருவன் பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கமக்காரருக்கு உரம் கொடுப்பதைப் பதியும் நிரலை அவள் எழுதினாள். நாற்பத்திரண்டாம் வரியில், டிசெம்பர் முப்பத்தொன்றோடு போகம் முடிந்தது என்று இருந்தது. நான் அடம்பன் வயற்காரக் குடும்பத்தில் பிறந்தவள். காலபோகத்தை மழையோடு விதைத்தால், அறுவடை அடுத்த வருடம்தான். அந்த வரி அப்படியே போனால், பயிர் நிற்கும்போதே வயல்காரரின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். கடைசி உரம் கிடைக்காது. கடற்கரைப் பிள்ளைக்கு அது தெரியவில்லை. மற்றவர்களும் காணவில்லை. நான் எழுதவில்லை. அடம்பனில் கமக்காரருக்குச் சோதித்துக் காட்டும்போது அவள் முழிக்கட்டும் என்று இருந்தேன்.

சோதனைக்கு முந்தின நாள் கூட்டத்தில், "குறிப்பு ஒண்டும் இல்லை, முடிப்பம்" என்றார் சேர்.

"பொறுங்கோ சேர். அக்காவின்ரை புள்ளி நேற்று நாற்பத்திரண்டிலை கனநேரம் நிண்டது" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "என்ன அக்கா?"

"ஒண்டுமில்லை பிள்ளை. தேத்தண்ணி குடிக்கப் போனனான்."

"நீங்கள் தேத்தண்ணி குடிக்கிறேல்லையே" என்றாள் மெதுவாக.

அந்த வரியைத் திரும்ப வாசித்தவள் வெளியே போய், பெரியமடுவில் வயல் செய்யும் தோழியின் தகப்பனுக்கு அழைத்து, போகம் எப்போது முடியும் என்று கேட்டாள். திரும்பி வந்து வரியைத் திருத்தினாள். ஓரத்தில் 'பிழை கண்டவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். சேர் அந்தப் பழைய வசனத்தை மறுபடியும் சொன்னார். எத்தனை மாதம் அதற்காகக் காத்திருந்தேன். நிமிர்ந்து கேட்க முடியவில்லை.

இப்போது அவள் கொழும்பில். புள்ளிகள் இன்றும் எங்கள் திரையில் ஓடுகின்றன, பேனை லாச்சியில் கிடக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் என் பெயர் இருக்கிறது. நான் அதைத் திருத்தவில்லை. அவளுடைய கெட்டித்தனத்தைப் பார்த்துப் பட்ட பொறாமை ஆறிவிட்டது. என் பெயரை அவ்வளவு சுலபமாக எழுதினாளே, அது இன்னும் ஆறவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் அடம்பனில் நிரலைச் சோதித்தார்கள். பிழை வரவில்லை. நான் காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை.