அருமையான கசப்பு

புதுச்சத்திரம் பக்கம் ஆடாதொடை இலையை வேகவைத்து, அதிலிருக்கிற இருமல் மருந்துச் சத்தை இறக்கிச் சேலத்து மருந்துக் கம்பெனிக்கு அனுப்புகிறவள் கண்ணாத்தாள். கொட்டகையும் கொப்பரையும் அவள் பொறுப்பு. அடுப்பு மட்டும் புருஷன் மாதையன் பொறுப்பு. வெந்த சாற்றில் முதல் டம்ளர் அவர் வாய்க்குத்தான் போகும். சத்து இறங்கியதா இல்லையா என்று அவர் நாக்குதான் சொல்லும். மெஷினாவது மண்ணாவது!

இலை காய்வது நெடுஞ்சாலையோரத் தார் ரோட்டில். ஊரே சோளத்தை அங்கேதான் கொட்டிக் காயவைக்கிறது, இவள் மட்டும் வேறு எங்கே போவாள்?

அன்று காலை இரண்டாவது மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆடாதொடை காய்ந்தால் அப்பளமாக நொறுங்கும். இதுவோ தோல் மாதிரி வளைந்தது. குறுகலாக, நீளமாக, நடு நரம்பு தடித்து. அரளி! ரோட்டு நடுவே வரிசையாக நிற்கும் அரளியை இந்த வாரம்தான் ஆட்கள் கத்தரித்துவிட்டுப் போனார்கள். வெட்டிய தழை காற்றில் பறந்து வந்து இவள் இலையோடு கிடந்து காய்ந்திருக்கிறது. மழை மேகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்துகூடப் பார்க்காமல் வாரிக் கட்டியவள் அவளேதான். ஐயோ, அவளேதான்!

முதல் மூட்டை கொப்பரையில் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பு மேட்டில் டம்ளர் காலியாகக் கிடந்தது.

"ஏனுங்க! குடிச்சுப்போட்டீங்களா?"

மாதையன் சுவரில் சாய்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"ஏம்புள்ள கத்துற? வாந்தி வாராப்புல இருக்குது, அவ்ளோதான்."

ரோட்டில் மறித்த முதல் வேனில் அவரை ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்குப் பறந்தாள். கையிலிருந்த இலையைப் பார்த்ததும் டாக்டர் ஓடினார், நர்ஸ் ஓடினாள். கண்ணாத்தாள் மட்டும் கட்டிலோரத்து மெஷினில் அவர் நாடித்துடிப்பு தாறுமாறாகக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போய்விடுவாரா? போனால் அவள் யாருக்குப் பதில் சொல்வாள்?

பிழைத்துவிட்டார். பேச்சு வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நாந்தானுங்க பாக்காம வாரிக் கட்டுனேன்."

"அட, உடு புள்ள. இந்தத் தடவ கசப்பு அருமையா ஏறியிருக்குதுன்னு நானே இன்னொரு டம்ளரு மோந்து குடிச்சேன்."

கண்ணாத்தாளின் அழுகை சட்டென்று நின்றது. அருமையா! அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்னால்தான் சரக்கு கொட்டகையை விட்டுக் கிளம்பும். இரண்டாவது மூட்டைக்குள் அவள் கை போகாமல் இருந்திருந்தால், மாலை வண்டியில் இந்தச் சாறும் கிளம்பியிருக்கும், எங்கெங்கோ இருமிக்கொண்டிருக்கிற குழந்தைகளுக்கு.