பந்தே கேட்கும் கேள்வி

நான் யாரையும் எளிதில் நம்பியவன் இல்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், தோலுக்குப் போட வரும் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் சோதித்து வாங்குவது என் வேலை. பட்டையை நனைத்து எடை ஏற்றிக்கொண்டு வருவார்கள். மூட்டையின் மேலே நல்ல காயும் அடியில் புழுத்த காயும் இருக்கும். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். வண்டிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

பெரிய சண்டை முடிந்து, பட்டாளத்துக்குத் தோல் போவது குறைந்துவிட்ட சமயம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. என் மனைவி ஏறாத கோயில் இல்லை, தர்காவில் கட்டாத கயிறு இல்லை. கடைசியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பௌத்த விகாரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றாள். விகாரை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு போட்ட ஒரு கூடம், சுதையில் செய்த ஒரு புத்தர், ஞாயிற்றுக்கிழமை பஞ்சசீலம் சொல்லக் கூடும் நாற்பது ஐம்பது பேர், அவ்வளவுதான். ரங்கூனுக்குப் போய்த் துறவு வாங்கிக்கொண்டு மஞ்சள் துணியோடு திரும்பிய பிக்கு ஒருவர் அங்கே தங்கி வைத்தியம் பார்த்தார். எல்லோரும் அவரைப் பந்தே என்று கூப்பிட்டோம். ஆள் நம் பக்கம்தான், வாணியம்பாடிப் பேச்சு.

அவர் காசு வாங்கமாட்டார். அதுதான் எனக்கு முதல் சந்தேகம். காசு வாங்காதவன் வேறு எதையோ வாங்கப் பார்க்கிறான் என்பது என் கட்சி. என் மனைவிக்கு அந்த மனுஷர் எதைக் கலந்து கொடுக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? எனக்கும் வைத்தியம் கற்றுக்கொடுங்கள் என்று போய் நின்றேன். வேவு பார்க்கப் போனேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

"இன்னா வேலை செய்றே?" என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப கடுக்காய் உனக்குத் தெரியும்."

"தோலுக்குப் போடறது தெரியும்."

"மனுசனுக்குப் போடறது வேற மாதிரி. ஒக்காரு" என்றார்.

ஷாப்பு விட்டதும் நேரே விகாரைக்குப் போய்விடுவேன். ஷாப்பில் கடுக்காயை முழுசாகவே இடித்துப் போடுவோம். இவர் ஒவ்வொன்றாக உடைத்துக் கொட்டையை எடுத்து எறியச் சொன்னார். கொட்டை உடம்புக்கு ஆகாதாம். அந்தக் கொட்டைகளை எங்கே கொண்டுபோகிறார் என்று ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். குப்பைக்குழியில்தான் கொட்டினார். அப்போதும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. நான் பார்ப்பது தெரிந்துதான் குழியில் கொட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இடிக்கவும் சலிக்கவும் கற்றேன். சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்குக் கால் புண்ணாகிப்போகும். கடுக்காய்த் தண்ணீரில் அவர் கழுவிக் கட்டி, அந்தப் புண் ஆறியதை என் கண்ணாலேயே பார்த்தேன். விட்டிருந்தால் தானாகவே ஆறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

பெண்கள் வந்தால் கதவைத் திறந்தே வைத்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்வார். பிக்கு பெண்ணோடு தனித்திருந்து பேசக்கூடாது என்பது அவர்கள் விதி. எனக்கோ, நாளைக்கு ஏதாவது என்றால் சாட்சிக்கு ஆள் வைத்துக்கொள்கிறார் என்றே பட்டது. அப்படிப் படக் காரணமும் இருந்தது. தலைவலி என்று வந்தாலும், கால்குடைச்சல் என்று வந்தாலும், பெண் என்றால் முதலில் ஒரே கேள்விதான்.

"தலைக்கு ஊத்திக்கினு எத்தினி நாள் ஆவுதும்மா?"

மாதவிலக்கு வந்துபோய் எத்தனை நாள் என்பதைத்தான் அப்படிக் கேட்பார். ஒருமுறை பல் போன கிழவி ஒருத்தியையும் கேட்டார். "அது நின்னு இருவது வருசம் ஆவுது பந்தே" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, அடுத்து வந்தவளிடம் அதையே கேட்டார்.

என் மனைவி வந்தபோதும் கேட்டார். அவள் தலையைக்கூடக் குனியாமல், "பன்னெண்டு நாளு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னிடம் பேசாத பேச்சை ஒரு சந்நியாசியிடம் பேசுகிறாளே என்று இருந்தது.

"இனிமே அங்க வராத. வேணுங்கறத நான் கொண்டாறேன்" என்று வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னேன்.

"எல்லாரும் இருக்கத்தான கேட்டார்? இதுல இன்னா தப்பு?"

"சொன்னா கேளு."

அதன்பிறகு அவள் அங்கே வரவில்லை. பெண்களிடம் ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்று மறுநாள் பந்தேயிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"வயித்துல உசுரு இருந்தா சில மருந்து ஆகாது. கடுக்காயும் அதுல ஒண்ணு. மூணு மாசம் தாண்டாம அவங்களா வாயத் தொறக்கமாட்டாங்க, கண்ணு பட்டுரும்னு பயம். அதனால நாமதான் கேக்கணும். கேக்காம யாருக்கும் எதுவும் குடுக்காத."

நல்ல சாக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் போயிற்று. ஒருநாள் மனைவி, வயிறு மந்தமாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை, இரண்டு நாளாக வெளிக்கும் போகவில்லை என்றாள். "பந்தேகிட்ட சொல்லி எதுனா வாங்கியாங்க" என்றாள்.

நான் போகவில்லை. மந்தத்துக்கு என்ன கொடுப்பது என்று எனக்கே தெரியும்போது அவரிடம் போய் நிற்பானேன்? ஷாப்பிலிருந்தே ஒரு கை கடுக்காய் எடுத்துவந்தேன். கொட்டை நீக்கி, இடித்து, துணியில் சலித்தேன். சீக்கிரம் கேட்கட்டும் என்று அளவைக் கொஞ்சம் கூட்டினேன். தோலில் சாரம் பிடிக்கவில்லையென்றால் இன்னொரு கூடை போடுவோமே, அந்தப் புத்தி.

அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை, தோன்றியது. ஒன்பது வருஷமாக வராதது இப்போது எங்கே வந்திருக்கப்போகிறது என்று நினைத்தேன். மாதக் கணக்கெல்லாம் பெண்கள் சமாசாரம் என்று இருந்தவன் நான். இன்னொன்றும் உண்டு. நான் கேட்டால் அவர் கேட்டதும் சரி என்று ஆகிவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

"பந்தே குடுத்தாரு" என்று சொல்லிக் கொடுத்தேன். நான் செய்தது என்றால் குடிக்கமாட்டாள் என்று தெரியும். வெந்நீரில் கலந்து ஒரே மூச்சில் குடித்தாள்.

அன்று முழுக்க வயிறு போயிற்று. மறுநாள் மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். புடவையில் ரத்தம்.

"ரெண்டு மாசம் தாண்டிருச்சு. மூணு முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள்.

அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் அறிந்ததில்லை, பின்னும் இல்லை. விகாரைக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் பெயரைச் சொல்லிக் கொடுத்ததையும்தான்.

"கேட்டியா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. மருத்துவச்சியை அழைத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "கடுக்காயாலதான்னு சொல்ல முடியாதுப்பா. தானாவும் போறது உண்டு" என்றார். அவர் சொன்னதிலேயே அது ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்று துடித்தேன். முடியவில்லை. என்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார் என்று சந்தேகப்பட்டேன். இன்றைக்கும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

மருந்து யார் கொடுத்தது என்று அவர் அவளிடம் மூச்சு விடவில்லை. பந்தே கொடுத்ததாகவே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு கோழை நான்.

நான்காம் நாள் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அந்த மருந்து எனக்குன்னு சொல்லித்தான் வாங்கியாந்தீங்களா?"

"ஆமா."

"எத்தினி நாள் ஆவுதுன்னு என்னைக் கேட்டுனு வரச் சொல்லலையா?"

கஞ்சியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"பல்லு போன கெழவியக்கூடக் கேக்காம அவர் குடுக்கமாட்டார்" என்றாள். "அது நீங்க குடுத்தது."

ஆமாம் என்றேன்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மூணு மாசம் ஆவலன்னாலும் உங்ககிட்ட சொல்லியிருப்பேன்."

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை உண்டாகவில்லை.