திருகில் தொங்கிய தொப்பி

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் எங்கள் குடியிருப்புக்கு வந்து, குழாயைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

பல்கேரியாவில், ப்ளோவ்டிவ் சந்தையில் கம்பளம் விற்கும் குடும்பம் எங்களுடையது. சரக்கைப் பார்ப்பதற்கு முன் விற்பவன் முகத்தைப் பார்க்கப் பழகியவன் நான். வேலை கிடைத்ததோ கடலோரத்தில், பிளாஸ்டிக் தூள் செய்யும் ஆலையில்.

இரண்டு ஆள் உயர இரும்புக் கொப்பரை. அதில் தண்ணீர், வாயு, சூடு, ஓயாத கலக்கல். வாயுவின் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து, நீண்ட சங்கிலியாகி, வெள்ளைத் தூளாக இறங்கும். கொஞ்சம் மட்டும் சுவரில் ஓடாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வேகலுக்குப் பிறகும், அதாவது ஒரு கொப்பரைத் தூள் எடுத்த பிறகும், ஒருவர் உள்ளே இறங்கி அதைச் சுரண்ட வேண்டும். இறங்குபவர் தன் தொப்பியை மூடியின் திருகில் மாட்டிவிட்டுப் போவார். தொப்பி தொங்கினால் யாரும் மூடியைத் தொடக்கூடாது.

அன்று பனிக்கால மாலை. திருகில் தொப்பி இல்லை.

"மூடுடா, கம்பளக்காரன் மவனே," என்றார் ராத்கோ அண்ணன். வேலையில் என் ஜோடி.

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே காலி. சுவர் பளபளவென்று இருந்தது.

"நல்லா சுரண்டியிருக்கீங்கண்ணே."

"நானா? நீ சுரண்டிட்டேன்னுல்ல நினைச்சேன்."

புது ஆளைப் பயமுறுத்திச் சிரிப்பது அங்கே வழக்கம். அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. அவசரம் இருந்தது.

மூடியை இறக்கினேன். உள்ளிருந்து சுரண்டும் சத்தம்.

சரக்… சரக்…

"அண்ணே, உள்ள ஆளு."

"கலக்கற தண்டு ஆறுது. வாயுவைத் திற."

தண்டு காலையிலேயே ஆறிவிட்டது.

சரக்… சரக்… இப்போது வேகமாக.

"திறக்க மாட்டேன். ஆள் இருந்தா செத்துருவான்."

"வேலை போயிரும்."

"போகட்டும்."

என்னைத் தள்ளிவிட்டு அவரே வால்வைப் பிடித்தார்.

கை அப்படியே நின்றது.

திருகில் ஒரு தொப்பி.

நனைந்திருந்தது…

சத்தம் நின்றது.

ராத்கோ ஓடினார். பிறகு ஆலைப் பக்கமே வரவில்லை.

மறுநாள் மேற்பார்வை ஸ்தாங்கா அக்காவிடம் தொப்பியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மெத்தோதியோடது. உனக்கு முன்னாடி இருந்தவன். உள்ள சுரண்டிக்கிட்டிருந்தப்ப தொப்பி காத்துல விழுந்துருச்சு. மூடி, வாயுவைத் திறந்தது ராத்கோ. சத்தம் கேட்டுச்சாம். விளையாடுறான்னு நினைச்சுட்டானாம்."

வியாபாரி வீட்டு வாய் சும்மா இருக்குமா?

"அந்த வேகல் தூளை என்ன பண்ணீங்கக்கா?"

"கொட்டவா முடியும்? குழாயா இழுத்தாச்சு. நம்ம குடியிருப்புத் தண்ணிக் குழாய் மொத்தமும் அதுதான்."

வீட்டுக்குப் போய், முகம் கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வருவதற்கு முன்…

சரக்.