ஆயர் தாவார்ப் பக்கம் ஒரு வெள்ளை வேன்

பார்சல் கொண்டுபோகிற வேலையில் வழி கண்டுபிடிப்பதைவிட, நான் திருடி இல்லை என்று நம்ப வைப்பதற்குத்தான் அதிக நேரம் போகிறது. வேனும் மோட்டார் சைக்கிளுமாகத் தோட்டப்புறம் சுற்றுகிற சகாக்களே, உங்களுக்கும் இது பழகியிருக்கும். நான் சுற்றுகிற ஆயர் தாவார் ஊர்ப்பக்கம், முன்பு ரப்பர்ப் பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை; நடுநடுவே ஆட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை. நான் ஓட்டுவது சொந்த வேன். கம்பெனிப் பெயர் எதுவும் அதில் கிடையாது. பின் சீட்டைக் கழற்றியாயிற்று, கண்ணாடி கறுப்பு. தள்ளி நின்று பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

பூட்டிய கேட்

மாரியப்பன் அண்ணன் ஆடு வளர்க்கிறவர். முதல் தடவை அவருக்குப் பார்சல் கொண்டுபோனபோது, வேன் உள்ளே நுழைந்ததும் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டபோதுதான் சொன்னார், போன மாதம் இதே மாதிரி ஒரு வேன் வந்துபோன பிறகு சினையாடு இரண்டைக் காணவில்லையாம்.

பின்கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். பெட்டிகளைப் புரட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன், எதையும் தொடவில்லை. தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்தார். பிறகு சாவியை எடுத்தார்.

"ஆட்டு வாடை இல்ல, தங்கச்சி. நீங்க போலாம்லா."

குழுவில் வந்த படம்

ஸ்டெல்லா அக்கா கோழி, வாத்து வளர்க்கிறார். வாரம் தவறாமல் எதையாவது வரவழைப்பவர் என்பதால் என்னை நன்றாகத் தெரியும். ஒருநாள் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் வேனின் பின்புறம், நம்பரோடு. கீழே, 'தெரியாத வேன், கவனம்.' படம் எடுத்த அன்றைக்குப் பார்த்து வேனைக் கழுவவில்லை.

கோபத்தைவிட, எந்த மரத்து மறைவில் நின்று யார் எடுத்திருப்பார்கள் என்ற யோசனைதான் ஓடியது. என்னைப் பற்றிக் குழுவில் நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னேன் அக்காவிடம். அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன்.

"எழுதிட்டேன்லா. வேன் யாருதுன்னு தெரிஞ்சிடுச்சு. அந்தம்மா ஏன் அடிக்கடி வருதுன்னுதான் இப்ப கேக்கிறாங்க."

நீல லோரி

மாரியப்பன் அண்ணன் பண்ணையின் பின்வேலிக்குப் போகிற மண் சடக்குப் பாதையில் ஒருநாள் நீல லோரி ஒன்று நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேயிராத இரண்டு ஆண்கள். விசாரித்தால், தீனி மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வழி தவறிவிட்டது என்றார்கள். லோரியில் ஒரு வைக்கோல் துரும்புகூட இல்லை. கயிறும் வலையும் மட்டும் கிடந்தன. அண்ணனுக்குப் போன் போட்டேன். வெளியே போயிருந்தார், தீனி எதுவும் வரச்சொல்லவில்லை, இதோ வாரேன் என்றார்.

சடக்கு ஒரு வண்டிக்குத்தான் போதும். வேனைக் குறுக்கே நிறுத்தினேன். எந்தப் பண்ணையில் இறக்கினீர்கள், யார் அனுப்பியது, அவர் போன் நம்பர் இருக்கா என்று வரிசையாகக் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஹாரனை விடாமல் அடித்தேன். செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து சுற்றி நின்றார்கள். அந்த இருவரும் வேலியைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். வழி விடுங்கள், போய்விடுகிறோம் என்றார்கள். லோரி நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு வேனை நகர்த்தினேன்.

அண்ணன் வந்து ஆடுகளை எண்ணினார். எல்லாம் இருந்தன. நன்றி சொல்வார் என்று நின்றேன். லோரி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் புதுசா வந்தவங்களா இருந்தா பாவம்தானே, தங்கச்சி?"

அந்த இரண்டு பேரும் இப்போது எங்கேயாவது தேத்தண்ணி குடித்துக்கொண்டு, ஆயர் தாவார்ப் பக்கம் போனால் வெள்ளை வேன்காரி ஒருத்தியிடம் ஜாக்கிரதையாக இரு என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பார்கள்.