கரை நார்மலா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு சங்கத்தின் வயர்லெஸ் அறையும் என் டீக்கடையும் ஒட்டி இருக்கின்றன. நடுவில் ஒரு சுவர் உண்டு. தங்கபுஷ்பம் அக்காவின் குரலுக்கு அது ஒரு சுவரே இல்லை. இருபது வருஷம் மீன் ஏலம் விட்ட தொண்டை அது. முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது, சங்கத்தில் அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து வயர்லெஸ்ஸைக் கையில் கொடுத்தார்கள். கடலில் இருக்கும் விசைப்படகுகளைக் கூப்பிட்டு விசாரிப்பதும் புயல் சேதி சொல்வதும்தான் வேலை. எவனாவது பதில் சொல்ல நேரமானால் அக்கா விடுகிற வசவில் என் பாய்லரே அடங்கிவிடும்.

ராக்கெட் என்றாலே அக்காவுக்கு ஆகாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் படகு போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். அதை வயர்லெஸ்ஸில் சொல்கிறவள் அக்கா என்பதால் எல்லார் திட்டும் அவளுக்குத்தான் விழும். "இவுனுங்க மேல போறதுக்கு நம்மாளு இன்னாத்துக்கு பாய் வெலகி நிக்கணும்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள், ஏதோ நான்தான் அதைக் கொளுத்திவிடுகிற மாதிரி.

2008 அக்டோபரில் சந்திரயான் போன காலையில் ஒரே மேகம். வானத்தில் ஒன்றும் தெரியாது என்று ஆட்களெல்லாம் என் கடை டிவி முன்னால் கூடிவிட்டார்கள். அக்காவும் வந்தாள், டீக்காக. ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பி மேகத்துக்குள் மறைந்ததும் எல்லாரும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். அக்கா மட்டும் நகரவில்லை. டிவியில் ஒரு குரல் ஒவ்வொரு கட்டத்துக்கும் நார்மல், நார்மல் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"இன்னா ஜாபர் பாய், அத்தினி படிச்சவன் ஒரே வார்த்தைய சொல்லிகினு கீறான்?"

"எல்லாம் ஒழுங்கா போய்கினு கீதுன்னு அர்த்தம்க்கா."

"அத்த தான பாய் நானும் தெனம் கேட்டுகினு கீறேன்!" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்ணுக்குத் தெரியாம போனத வுடாம விசாரிக்கிறான் பாரு. அவன் மன்சன்."

அன்று சாயங்காலமே வசவு நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சகாயமாதா படகோடு புதுப் பேச்சு.

"சகாயமாதா போட்டு, மொதக் கட்டம், எஞ்சின்?"

"நார்மல்க்கா."

"ரெண்டாங் கட்டம், வலை?"

"நார்மல்."

"மூணாங் கட்டம், சோறு துன்னியா?"

முதலில் பையன்கள் சிரித்தார்கள். பிறகு அக்கா கூப்பிடக் கொஞ்சம் தாமதமானால் அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். மூணாம் கட்டம் சரியில்லை, குழம்பில் ஒரே உப்பு என்று ஒருவன் புகார் சொல்வான். பொண்டாட்டி கோபம் தணிந்ததா என்று இன்னொருவன் கேட்டுச் சொல்லச் சொல்வான். எனக்குக் கடையில் ரேடியோவே தேவைப்படவில்லை.

கவுண்ட் டவுன்தான் சொதப்பியது. படகுகள் வரிசையாகக் கிளம்புகிற ஒரு நாள் அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்தாள். பத்து, ஒன்பது என்று குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று நான் சொல்லித்தான் அனுப்பினேன். ஏலம் விட்ட வாய் கேட்குமா? "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று முடித்துவிட்டாள். துறைமுகமே சிரித்தது. எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்தது அருள்பிரகாசம், அக்காவின் புருஷன், லூர்து படகின் டிரைவர்.

"இன்னாமே, எங்கள கடலுக்கே வித்துட்டியா?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. அந்த ஆள் அதோடு விடவில்லை. ராக்கெட்டு வெளாட்டெல்லாம் தனக்கு வாணாம் என்று சொல்லிவிட்டான். அக்கா என்ன கேட்டாலும் அவனிடமிருந்து வருவது ஒரே பதில், "கீறேன்." இருக்கிறேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே நார்மல் சொல்கிறது, தாலி கட்டினவன் சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? அக்கா வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். லூர்து படகின் முறை வரும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கும். எனக்கு அது கேட்கும்.

டிசம்பரில் ஒரு நாள் காலையில் அந்தக் "கீறேன்" வரவில்லை. இரவெல்லாம் காற்று இரைந்திருந்தது. முந்தின நாள் தூரத்தில் பார்த்ததோடு சரி என்றான் சகாயமாதா டிரைவர். அக்கா மற்ற படகுகளையெல்லாம் விசாரித்து முடித்துவிட்டு மறுபடி புருஷனுக்கே வந்தாள். "லூர்து போட்டு, மொதக் கட்டம், எஞ்சின்?" வெறும் இரைச்சல். "ரெண்டாங் கட்டம், வலை?" இரைச்சல். "துன்னியாய்யா?" என்று அவள் கேட்டபோது நான் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டேன்.

மதியம் வரை இதேதான். நான் கொண்டுபோய் வைத்த டீ அப்படியே ஏடு படிந்து கிடந்தது. மற்ற படகுக்காரர்கள் யாரும் வாயைத் திறக்காமல் அலைவரிசையை அவளுக்கே விட்டுவிட்டார்கள். நான் அல்லாவிடம் ஒரே ஒரு "கீறேன்" கேட்டேன்.

வெயில் சாய்கிற நேரத்தில், நான் இன்னொரு டீயோடு அந்த அறைக்குள் போனபோது, இரைச்சலுக்கு நடுவே அந்தக் கரகரத்த குரல் வந்தது.

"கரைக்கு லூர்து போட்டு. மொதக் கட்டம், எஞ்சின் நின்னுபூட்ச்சி, இப்ப ஓடுது. ரெண்டாங் கட்டம், வலை போயே பூட்ச்சி. பேட்டரில தண்ணி பூந்துகிச்சி, அத்தான் பேச முடில. மூணாங் கட்டம், கஞ்சி குட்ச்சேன். பசங்க எல்லாம் நார்மல். நானும் நார்மல்."

அதோடு முடிக்காமல் கேட்டான்.

"சொல்லுமே, கரை நார்மலா? ஓவர்."

எல்லாப் படகையும் தினம் விசாரித்தவளை அதுவரை ஒருத்தரும் திருப்பி விசாரித்ததில்லை. சுவருக்குப் பக்கத்திலேயே கிடந்த எனக்கும் தோன்றியதில்லை. அக்கா பட்டனை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள்.

"நார்மல் இல்லய்யா. சீக்கிரம் வா. ஓவர்."

மறுநாள் காலையில் லூர்து உள்ளே வந்தபோது ஐஸ் உடைக்கிறவர்கள், மீன் வாங்க வந்த பெண்கள், சங்கத்து ஆட்கள் என்று கரை நிறைந்திருந்தது. என் கடையில் அன்று டீ ஓசி. அருள்பிரகாசம் படகு முனையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை, நானாகவும் இருக்கலாம்.

"ஒரு தரம்!"

கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. "ரெண்டு தரம்!" அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

மூணாவது தரம் சொல்வதற்குள் தங்கபுஷ்பம் அக்கா அந்த முட்டியோடு எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து கையைத் தூக்கினாள்.

"எனக்கு!"